நொடிக்கு எத்தனை படம்

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே கீழே பார்த்தபடி, கண்டெய்னர்களைக் கப்பலில் அடுக்குவது அவர் வேலை. காற்றில் ஆடிக்கொண்டே இறங்கும் பெட்டியின் நான்கு மூலைகளும் கப்பலில் இருக்கும் நான்கு பூட்டுகளின் மேல் சரியாக உட்கார வேண்டும். ஒரு விரற்கடை விலகினாலும் உட்காராது. "பெட்டியும் ஆடி, கையும் ஆடினா ஆயுசுக்கும் உக்காராது. ரெண்டுல ஒண்ணாவது சும்மா இருக்கணும்" என்பார்.

அந்தக் கைகளில்தான் நோய் முதலில் வந்தது. சட்டைப் பொத்தான் போட நேரமானது. பிறகு சாவி பிடிக்க முடியவில்லை. தசைகள் ஒவ்வொன்றாக வற்றிப்போகும் நோய் என்று டாக்டர் அம்மா சொன்னார். அதற்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'அது' என்போம். அது தோளுக்கு வந்துவிட்டது, அது தொண்டைக்கு இன்னும் வரவில்லை, இப்படி. ஏதோ விருந்தாளியைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும்.

அவரைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்தார். நான் அச்சகத்தில் பக்கம் கட்டும் வேலையில் இருந்தேன். அங்கே புதுக் கணினிகள் வந்தபோது, பழையதில் ஒன்றை எடைக்குப் போடாமல் எனக்குக் கொடுத்தார்கள். கல்யாணப் பத்திரிகையும் வினாத்தாளும் செய்தே கிழடு தட்டிப்போன கணினி. ஒரு பக்கம் திறப்பதற்குள் முகம் கழுவிவிட்டு வரலாம்.

அதில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தது என் தம்பி. பழைய கணினிகளை வாங்கிச் சரிசெய்து விற்பது அவன் தொழில். "அத்தான் எத்தனை நாளுக்குத்தான் சுவத்தையே பாத்துக்கிட்டு இருப்பாரு, இது ஓடட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனான்.

விண்வெளி விளையாட்டு என்றதும் டுமீல் டுமீல் என்று சுட்டுக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அப்படி எதுவும் இல்லை. ஓர் எதிரிகூடக் கிடையாது. கலத்தை நாமே கட்ட வேண்டும், எரிபொருள் அளந்து நிரப்ப வேண்டும், ஏவ வேண்டும். மற்றதெல்லாம் கோள்களின் ஈர்ப்பு. கணக்கு பிசகினால் கலம் போனதுதான். அவருக்கு இது பிடித்துப்போயிற்று. பூமியைச் சுற்றிவரும் ஒரு விண்வெளி நிலையம் கட்ட ஆரம்பித்தார். ஒரு துண்டை மேலே அனுப்பி, மெல்ல மெல்ல அருகே கொண்டுபோய், வாயோடு வாய் வைத்து ஒட்டுவார். கண்டெய்னரை உட்காரவைக்கும் அதே வேலை.

விளையாட்டில் தப்பு நேர்ந்தால் முந்தைய இடத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி தொடங்கலாம். எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம். அவர் செய்யமாட்டார். "மேல இருந்து கீழ விழுந்த பெட்டியைத் திரும்ப மேல ஏத்தி, விழவே இல்லைன்னு சொல்ல முடியுமா?" என்பார். வெடித்த கலம் வெடித்ததுதான், போன ஆட்கள் போனவர்கள்தான்.

கை ஓரளவு நன்றாக இருந்த நாளில் வளையம் உள்ள ஒரு தூரத்துக் கோளுக்கு மூன்று பேரோடு பெரிய கலம் ஒன்றை அனுப்பினார். அது நகரவே மாட்டேன் என்றது. "உங்க பெரியம்மா மாதிரியே இருக்குடி. கிளம்புறேன் கிளம்புறேன்னு சொல்லிட்டு வாசல்லயே நிக்குது" என்றார். அன்றிலிருந்து அதற்குப் பெயர் பெரியம்மா. என் பெரியம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை.

பெரியம்மா போய், வளையத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்தக் கலத்தால் தரையில் இறங்க முடியாது. அதற்கேற்ற குடையோ கவசமோ அதில் இல்லை. நிலையத்தின் வாசலில்தான் ஒட்டியாக வேண்டும். இப்படியும் அப்படியும் நகர உதவும் வாயு அதில் கொஞ்சம்தான் மிச்சம். ஒரே ஒரு முயற்சிக்குத்தான் போதும். நிலையத்துக்குச் சற்றுத் தொலைவில் ஆட்டத்தை நிறுத்திவைத்தார். விரல்கள் வேலை செய்யும்போதே, தன் கையாலேயே பெரியம்மாவை வாசலில் சேர்த்துவிட வேண்டும். அந்த வருடம் அவர் வேறு எதையும் கேட்கவில்லை.

"நான் வேணா அழுத்துறேனே. நீங்க சொல்லுங்க, நான் அழுத்துறேன்" என்றேன்.

"நீ அழுத்துனா நீ சேத்ததா ஆகும்."

"யார் சேத்தா என்ன? அந்த மூணு பேருக்கு வீடு வந்தா சரி."

"அவங்களுக்குச் சரி" என்றார்.

இடைஞ்சலாக இருந்தது கணினி. வெறும் வானத்தில் கலம் ஒழுங்காக ஓடும். நிலையத்தை நெருங்கியதும் உள்ளே விசிறி இரைச்சல் போடும், படம் திக்கித் திக்கி நகரும். கலம் இங்கே இருக்கும், பிறகு அங்கே இருக்கும், நடுவில் எப்படிப் போனது என்று தெரியாது. அந்தத் திக்கலிலேயே அவர் முந்தைய மாதம்கூட ஓர் எரிபொருள் தொட்டியை ஒட்டியிருந்தார். திட்டிக்கொண்டேதான் ஒட்டினார். அவர் நினைத்ததில் தப்பே இல்லை: இவ்வளவு மோசமான படத்திலேயே இந்தக் கையால் முடிகிறது என்றால், படம் சீராக ஓடினால் இன்னும் சுலபமாக முடியும். எங்கள் மூவருக்கும் அப்படித்தான் தோன்றியது.

தம்பி திருப்புளியோடு வந்தான். பெட்டியைத் திறந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அக்கா, ஒரு தலையணைக்கு ஆகும் போல இருக்கு இந்தத் தூசி."

"அச்சாபீஸ் தூசிடா. பேப்பர் தூசி."

"இதுக்கு மூச்சு வந்ததே பெருசு."

தூசியை ஊதினான். சூடு தணிக்கும் பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினான். தன் கடையில் வேறொரு கணினியிலிருந்து கழற்றிய மெமரியைச் செருகினான். திரையின் மூலையில் ஓர் எண் தெரியும்படி செய்தான். நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்று அது காட்டும். ஃபிரேம் ரேட் என்றான். முப்பதுக்கு மேல் போனால் கண்ணுக்கு உறுத்தாது, இது எட்டில் கிடக்கிறது என்றான்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்த எண்தான் பேச்சு. நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "பதினொண்ணு" என்பார். காய்ச்சல் பார்த்துச் சொல்வதுபோல இருக்கும். குறைந்தால் கவலை, கூடினால் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள்.

"நிழலை எடுத்துட்டேன் அத்தான்."

"நிழல் இல்லாம நடந்தா பேய்னுவாங்கடா மச்சான்."

"பேயா இருந்தா நாலு படம் கூட வருது. இருந்துட்டுப் போகட்டும்."

"வேற என்ன எடுக்கலாம்?"

"மேகம். கடல்ல பளபளப்பு. கலத்து மேல இருக்குற பெயின்ட்டெல்லாம் பாதியாக் குறைச்சிடலாம், கொஞ்சம் மங்கலாத் தெரியும்."

"எனக்கும் அப்படித்தான தெரியுது. எடு."

அதுவரை அவர் ஏவிய கலங்களிலிருந்து கழன்ற காலி ஓடுகள் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று கணினி சதா கணக்குப் போட்டுக்கொண்டிருக்குமாம். அவற்றை அழித்தார்கள். கடைசியில் நிலையத்துக்கே வந்தார்கள். நிலையத்தில் எத்தனை துண்டு இருக்கிறதோ அத்தனை பாரம்.

அங்கே தம்பிக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார். விளக்குகள், ஏணிகள், இரண்டாவது ஆன்டெனா, உபரித் தகடுகள். பூமியைப் பார்த்தபடி ஒரு கண்ணாடிக் கூடம் வைத்திருந்தார். அதற்கு எந்த உபயோகமும் கிடையாது. பொழுதுபோகாத நேரத்தில் அதற்குள்ளிருந்து தெரிகிற மாதிரி படத்தை வைத்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருப்பார்.

"இது இருக்கட்டும் அத்தான்."

"எத்தனை படம் கிடைக்கும்?"

"அஞ்சு வரும்."

"எடு."

கைகளை அவர் சேமித்துவைக்க ஆரம்பித்ததும் அப்போதுதான். கரண்டி பிடிப்பதை நிறுத்தினார். நான் ஊட்டினேன். டிவி ரிமோட்டை அழுத்தமாட்டார். பிடிக்காத நிகழ்ச்சி ஓடினாலும் நான் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். பெரியம்மாவை ஓட்டிப் பார்த்துப் பழகவும் இல்லை. "இருக்கறதே கொஞ்சம். அதை ஒத்திகையில செலவு பண்ணச் சொல்றியா?" என்றார். கண்ணால் மட்டும் சோதித்தார்கள். நிலையத்தைச் சுற்றிலும் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எண் முப்பத்து நாலைத் தொட்டது.

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அம்மா தன் விரலை நீட்டி, "இதைப் பிடிங்க, இறுக்கமா" என்றார். பிடித்தார். "இப்ப விடுங்க" என்றார். விடுவதற்குச் சற்று நேரமானது. டாக்டர் அம்மா எழுதிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்குமா?" என்று கேட்டார் இவர்.

"ஞாயித்துக்கிழமை என்ன?"

"ஒருத்தங்க வராங்க."

"நல்லா பேசிட்டு இருங்க. கைக்கு வேலை வைக்காதீங்க" என்றார் டாக்டர் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை பகல். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். நாற்காலியில் தலையணைகளை வைத்து, முழங்கைகள் மேசையில் படும்படி அவரை உட்காரவைத்தேன். தம்பி பின்னால் நின்றான். நிறுத்திவைத்திருந்த ஆட்டத்தை ஓடவிட்டார்.

படம் தண்ணீர்போல ஓடியது. நிலையம் நெருங்க நெருங்க விசிறி முனகியதே தவிர இரையவில்லை. பெரியம்மா துளி திக்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த விளையாட்டு இவ்வளவு அழகானது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

கலம் கொஞ்சம் வலது பக்கமாக வந்தது. அவர் இடதுக்கான விசையை அழுத்தினார். அழுத்திவிட்டார். எடுக்க நேரமானது. அதற்குள் கலம் வேண்டியதற்கு மேல் இடதுக்குப் போயிற்று. வலதை அழுத்தினார். அதுவும் கூடிப்போயிற்று. பெரியம்மா ஊஞ்சல்போல ஆடத் தொடங்கியது. ஒவ்வோர் அழுத்தலுக்கும் வாயு சீறிக் குறைந்தது.

"விடுங்க அத்தான், விரலை விடுங்க."

"விட்டுட்டேன்டா."

விடவில்லை. விரல் இன்னும் விசையின் மேலேயே இருந்தது. மூக்கு நிலையத்தின் பக்கவாட்டில் இடித்தது. சத்தம் வராது, வானத்தில் காற்று இல்லையே. கலம் தலைகீழாகப் புரண்டு, மெதுவாகச் சுழன்றபடி விலகிப் போனது. வாயுவின் அளவு சுழியைக் காட்டியது.

அவர், "வந்த வேகத்துல கிளம்பிட்டாங்க" என்றார். சிரிக்கச் சொல்கிறார் என்று புரிந்தது. சிரிக்க வரவில்லை.

தம்பிதான் அதை முதலில் கவனித்தான். திரையின் மேல் ஓரத்தில் விளையாட்டுக்கென்று ஒரு கடிகாரம் உண்டு. அது பச்சையாக இருந்தது. "இது மஞ்சளாத்தான இருக்கும் எப்பவும்?" என்றான். ஆமாம், அப்படித்தான் இருந்தது. தொட்டியை ஒட்டியபோதும் மஞ்சள்தான். சூடு ஏறினால் மஞ்சளாகும் என்று நாங்களாக நினைத்திருந்தோம். அவன் செல்போனில் தேடி, விளையாடுகிறவர்கள் எழுதியிருந்ததைப் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் மாறியது.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல அத்தான்."

"படிடா."

கணினிக்குக் கணக்குப் போட முடியாமல் போகும்போது, விளையாட்டு தன் நேரத்தையே மெதுவாக்கிக்கொள்ளுமாம். உள்ளே ஒரு நொடி ஓட, வெளியே மூன்று நாலு நொடி ஆகும். அப்போது கடிகாரம் மஞ்சள். திக்கித் திக்கி ஓடிய அந்தப் பழைய படத்தில், அவர் விரலை எடுக்கத் தாமதித்ததெல்லாம் கலத்துக்குக் கண் சிமிட்டும் நேரமாகத்தான் இருந்திருக்கிறது. தம்பி கணினியைச் சரிசெய்ததும் உள்ளே நேரம் சரியாக ஓடியது.

"அப்ப இத்தனை நாளும் அது எனக்காக நின்னு நின்னு வந்திருக்கு" என்றார்.

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். "என் வேலையே இதுதான் அத்தான். நாள் பூரா இதைத்தான் பண்றேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"உனக்கு மெஷின் தெரியும். இதுல ஆளும் இருந்தான்ல."

"முந்தின இடத்துக்குப் போயிடலாம். பிரதி இருக்கு. அதுவா எடுத்து வெச்சிருக்கும்."

"வேண்டாம்."

"யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன் நான்.

அவர் தன்னைப் படுக்கவைக்கச் சொன்னார்.

அதன் பிறகு கணினிப் பக்கம் திரும்பவில்லை. நான் அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன். அது தொண்டைக்கு வந்தது. கெட்டியான எதையும் விழுங்க முடியவில்லை. பேச்சு குழைந்தது, வெளியாட்களுக்குப் புரியாது, எனக்குப் புரியும். பகலில் நான் அச்சகத்துக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அம்மா வந்து உட்கார்ந்திருப்பார். அவருக்கு இவர் பேசுவது புரியாததால், இருவரும் சேர்ந்து சும்மா இருப்பார்கள்.

ஒரு நாள் காலை, முகம் துடைத்துவிடும்போது சொன்னார். "உன் தம்பியக் கூப்புடு. பழையபடி மெதுவாக்கச் சொல்லு."

"எதை?"

"எல்லாத்தையும்."

துண்டைப் பிழிந்துகொண்டே நின்றேன். "முந்தின இடத்துக்குப் போகணுமே. பரவாயில்லையா?"

கண்ணை மூடித் திறந்தார். பரவாயில்லை என்று அதற்கு அர்த்தம். எத்தனையோ கலங்களையும் ஆட்களையும் போகவிட்டு, ஒரு தடவைகூடத் திரும்பிப் போகாத மனிதர். அன்று அச்சகத்தில் ஒரு பக்கமும் சரியாகக் கட்டவில்லை நான்.

தம்பி வந்தான். மெமரியைக் கழற்றினான். நிழலைப் போட்டான், மேகத்தைப் போட்டான், கடலுக்குப் பளபளப்பு கொடுத்தான். நிலையத்தை வெட்டுவதற்கு முந்தைய பிரதியைத் தேடி எடுத்தான். விளக்கு, ஏணி, கண்ணாடிக் கூடம் எல்லாம் திரும்பி வந்தன. சற்றுத் தொலைவில் பெரியம்மா சேதமில்லாமல் நின்றது.

"நல்லா ஓடுற மெஷினைக் கெடுத்துக் குடுன்னு கேட்ட ஒரே ஆள் நீங்கதான் அத்தான். தூசி மட்டும்தான் பாக்கி, அதையும் அள்ளிப் போடவா?"

அவர் உதடு அசைந்தது. சிரிப்புதான்.

எண் எட்டுக்கு இறங்கியது. கடிகாரம் மஞ்சளானது. விசிறி பழையபடி இரைந்தது. அந்த இரைச்சலைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்தது. என்ன இருந்தாலும் முடிந்துவிடும் என்று தோன்றியது. அவர் இடக்கையைத் தூக்கி மேசையில் வைத்தேன். கை எடையே இல்லாமல் இருந்தது. ஆள்காட்டி விரலைப் பிரித்து இடதுக்கான விசையின் மேல் பொருத்தினேன். வலக்கை விரலை வலதுக்கு. பிறகு என் கைகளை எடுத்துக்கொண்டேன்.

பெரியம்மா வந்தது. இங்கே இருந்தது, பிறகு அங்கே இருந்தது. முன்போலவே கொஞ்சம் வலது பக்கமாக. வேண்டிய அளவு நேரம் இருந்தது.

"இப்ப அத்தான்" என்றான் தம்பி.

நான் விரலைப் பார்த்தேன். மணிக்கட்டில் ஒரு நரம்பு துடித்தது. கழுத்து இறுகியது, காது மடல் சிவந்தது. விசை அசையவில்லை.

"அத்தான், அழுத்துங்க."

"அழுத்திட்டுதான் இருக்கேன்" என்றார்.

தம்பிக்கு அது புரியவில்லை. என்னைப் பார்த்தான். நான் சொல்லவில்லை. அவனாகவே விளங்கிக்கொண்டு கையை நீட்டினான். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தம்பி கையை இழுத்துக்கொண்டான். என் கை மடியில் இருந்தது. ஒரு விரல் போதும், ஒரே ஒரு தட்டு. அவர் என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மேல் என்னால் கையைத் தூக்க முடியவில்லை.

பெரியம்மா வாசலை நெருங்கி, வாசலுக்கு வலது பக்கமாகச் சென்றது. உரசக்கூட இல்லை. கணினி அவ்வளவு மெதுவாக இருந்ததால் அது நிலையத்தைக் கடந்து போகவே நெடுநேரம் ஆனது. ஒவ்வொரு விளக்காக, ஒவ்வொரு ஏணியாகத் தாண்டிப் போனது. நிறுத்தட்டுமா என்று தம்பி கேட்டான். அவர் வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். மூன்று பேரும் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தோம்.